கோத்தகிரியில் இரண்டாவது வீடு: காலி மனையா, பழைய வீடா?

சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு அடுத்த ஆண்டு பணி ஓய்வு. வருடத்தில் நாலைந்து மாதம் போய்த் தங்கும்படி வெளியூரில் ஒரு வீடு வேண்டும். முதலில் ஈ.சி.ஆரில் கோவளம் பக்கம் ஃபிளாட் பார்த்திருக்கிறார்கள். கணவருக்குக் கடல் பிடிக்கும், இவருக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை. பிறகு கோத்தகிரி அருகே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய 8 சென்ட் ‘வியூ மனை’ ஒன்றை ஒரு புரோக்கர் காட்டியிருக்கிறார். பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறதாம், பட்டாவும் இருக்கிறதாம். அட்வான்ஸ் கொடுத்தால் வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பதாகச் சொல்கிறார். “வாங்கலாமா? வாங்கினால் நிம்மதியாக இருக்க முடியுமா?” என்பது அவருடைய கேள்வி.

இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கோத்தகிரி அருமையான ஊர், அங்கே வாருங்கள். ஆனால் காலி மனை வாங்கி வீடு கட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, முறையான அனுமதியோடு கட்டப்பட்டு, மக்கள் குடியிருந்த ஒரு பழைய வீட்டைத் தேடுங்கள். நீலகிரியில் நில ஆவணங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் தொழில். வெளியூரிலிருந்து வரும் எல்லோரிடமும் நான் சொல்வது இதைத்தான்.

காரணம் எளிது. சமவெளியில் பட்டாவும் பத்திரமும் சரியாக இருந்தால் வீடு கட்டலாம் என்று பெரும்பாலும் நம்பலாம். மலையில் நிலம் உங்களுடையதாக இருப்பது ஒன்று, அதில் வீடு கட்டலாமா என்பது வேறொன்று. மலைப்பகுதிகளுக்கென்று 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. ஊரில் ‘ஹாக்கா’ என்பார்கள். அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனை பிரிக்கவோ கட்டவோ போனால் வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல இடங்களில் தடையின்மைச் சான்று கேட்பார்கள். கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்ற வரம்பு நெடுங்காலமாக இருக்கிறது. கலெக்டர் அனுமதி இல்லாமல் ஜே.சி.பி. வைத்து மண் வெட்ட முடியாது, ஆழ்துளைக் கிணறும் போட முடியாது. மனையில் நிற்கும் மரத்தைக்கூட உங்கள் விருப்பத்துக்கு வெட்ட முடியாது, 1955-லிருந்தே மலைப்பகுதி மரங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. இவையெல்லாம் வேண்டிய சட்டங்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். மலையை வெட்டினால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2009 நவம்பரில் பெய்த மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

‘பட்டா இருக்கிறது’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது என்ன பட்டா? அரசு ஏழைகளுக்கு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டாவா, பட்டியலினத்தவருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா, பழங்குடியினருக்கு ஒதுக்கியதா? இவற்றில் எதுவானாலும் கிரையம் செல்லாமல் போகலாம், நிலம் அரசுக்கே திரும்பலாம். அதைவிட, உரியவர் கையிலிருந்து நிலம் போவதற்கு நீங்கள் துணைபோனதாகும். அப்புறம், 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்தப் புல எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. தேயிலைத் தோட்டம் என்பதற்காக நில உச்சவரம்பில் விலக்குப் பெற்ற எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்கிறார்களா என்பதும் முக்கியம். புரோக்கர் ‘தோட்டத்தை ஒட்டி’ என்று சொன்னதால் இதைக் குறிப்பாகக் கேட்கச் சொல்கிறேன்.

மனை அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் இல்லையென்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு, அதற்கு முன்பே மனையாகப் பதிவாகியிருந்தால் தவிர, அங்கீகாரமில்லாத மனையைச் சார்பதிவாளர் பதிவு செய்யக் கூடாது. இதைச் சுற்றிப்போக ‘விவசாய நிலமாகவே எழுதிக்கொள்ளலாம், வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். அந்த ‘அப்புறம்’ வராமலே போன பலர் இருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் அதிகம் கோட்டைவிடுவது பாதையில். மனைக்கு ஜீப் போய் நின்றதல்லவா, அந்த ரோடு யாருடையது? மலையில் பல மனைகளுக்கு எஸ்டேட் ரோடு வழியாகத்தான் போக முடியும். அது தனியார் சொத்து. பழைய முதலாளி பழக்கத்தின் பேரில் விட்டிருப்பார். எஸ்டேட் கைமாறிய மறுநாள் கேட் போட்டுப் பூட்டினால் உங்கள் மனைக்கு நடந்துகூடப் போக முடியாது. நில அளவை வரைபடமான புலப்படத்தில் பாதை குறித்திருக்கிறதா, உங்கள் பத்திரத்திலும் தாய்ப் பத்திரத்திலும் வழிப்பாதை உரிமை எத்தனை அடி அகலத்துக்கு எழுதியிருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தவருக்கு அந்த ரோட்டில் உரிமை இருந்ததா என்று மூன்றையும் பாருங்கள். ‘வண்டி போய்வருகிறது சார்’ என்பது பதில் ஆகாது.

பங்காளிச் சொத்தும் இங்கே சகஜம். படகர் சமூகத்தினரின் ஊர்களான ஹட்டிகளை ஒட்டிய நிலங்கள் பல, அண்ணன் தம்பிகள் பேரில் கூட்டுப் பட்டாவாகவே இருக்கும். உட்பிரிவு செய்யாமல் ஒருவர் மட்டும் தன் பங்கை விற்றால் எந்தப் பக்கத்து 8 சென்ட் உங்களுடையது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுப் பெண்களின் பங்கும் கணக்கில் வர வேண்டும், அவர்கள் கையெழுத்தும் வேண்டும். வில்லங்கச் சான்றை 1975-லிருந்து இணையத்திலேயே எடுக்கலாம். அத்தோடு நிற்காமல், கிராம நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு, சர்வேயரை வைத்து நீங்கள் நிற்கும் இடத்திலேயே அளந்து கல் நடச் சொல்லுங்கள்.

சரி, தாள்கள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். 8 சென்ட் என்பது சுமார் 3,485 சதுர அடி. சரிவில் அதற்கு என்ன பொருள்? வரைபடம் நிலத்தைச் சமதளமாக வைத்துத்தான் அளக்கிறது. நான்கு பக்கமும் இடம் விட்டு, தடுப்புச் சுவருக்கும் செப்டிக் டேங்குக்கும் ஒதுக்கினால் வீட்டுக்கு மிஞ்சும் இடம் நீங்கள் மனத்தில் வைத்திருப்பதில் பாதிகூட இருக்காது. வியூ நன்றாகத் தெரிகிற மனை என்றால் சரிவு செங்குத்தாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். அங்கே மண்ணுக்குள் போகும் செலவு சுவருக்கு ஆகும் செலவைத் தாண்டிவிடும்.

மனையையோ வீட்டையோ மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள், குடையோடு ஒரு மணி நேரம் நில்லுங்கள். மேலிருந்து தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே போகிறது? மரங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து வளர்ந்திருந்தால் மண் மெல்ல நகர்கிறது. தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா, அவற்றில் நீர் வருகிறதா என்று பாருங்கள். சுவர் நடுவில் புடைத்திருந்தால் பின்னால் நீர் தேங்கி நிற்கிறது. கோடையிலும் ஈரம் காயாத, புல் மட்டும் அடர்த்தியாக வளரும் தாழ்வான இடம் பழைய சதுப்பாக இருக்கும், அதை மண் கொட்டி மேடாக்கி விற்பார்கள். உங்கள் இடத்துக்கு மேலே இருப்பவர் என்ன வெட்டுகிறார் என்பதையும் கவனியுங்கள், மழையில் அவருடைய மண் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பழைய வீடு என்று நான் சொல்வது இதனால்தான். முப்பது நாற்பது மழைக்காலத்தைத் தாங்கிய வீடு அந்த மண்ணைப் பற்றி எந்த அறிக்கையையும்விட நிறையச் சொல்லும். அங்கீகரித்த வரைபடத்தை வாங்கி வீட்டோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இல்லாத அறையோ மாடியோ இருந்தால் அந்தப் பகுதிக்கு விலை கொடுக்காதீர்கள், சீல் வைக்கவும் இடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஓடு மாற்றுவது, பழைய ஒயரிங்கைப் பிடுங்கிப் புதிதாகப் போடுவது, புகைபோக்கியைச் சுத்தம் செய்வது எல்லாம் செய்யக்கூடிய வேலைகள். கோத்தகிரியில் இரண்டாவது வீடு என்ற ஆசைக்கு வயது 200-க்கு மேல். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா கன்னேரிமுக்கில் இன்றும் இருக்கிறது. போனால் பாருங்கள், எவ்வளவு அடக்கமான வீடு, எப்படி நிலத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்று.

கூடலூர், மசினகுடிப் பக்கம் விலை குறைவு என்று யாராவது அழைத்துப்போவார்கள். கூடலூர், பந்தலூரில் 1969-ஆம் ஆண்டு ஜென்மம் (பழைய ஜமீன் போன்ற நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கி உரிமை முடிவாகாத நிலங்கள் ஏராளம், தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் அலைகிறார்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்துவிட்டது. இரண்டு பக்கமும் போகாதீர்கள். குன்னூரை ஒட்டிய ராணுவப் பகுதியான வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் என்றால், நிலமே பாதுகாப்புத் துறையுடையதா என்று முதலில் கேளுங்கள்.

கணவரின் கடல் ஆசையையும் ஒதுக்கிவிட வேண்டாம். கடற்கரையிலும் விதிகள் உண்டு, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். உப்புக் காற்றில் ஏ.சி., கிரில், ஜன்னல் கீல் எல்லாம் துருப்பிடிக்கும். ஆனாலும் மடிப்பாக்கத்திலிருந்து கோவளம் ஒரு மணி நேரம். கடல் வேண்டும்போது போய் மாலையில் திரும்பிவிடலாம், அதற்கு வீடு தேவையில்லை. மலைக்கு அப்படிப் போய்வர முடியாது. தங்கினால்தான் மலை. உங்கள் வீட்டு வழக்கை நான் இப்படித்தான் தீர்ப்பேன்.

அதற்கு முன் 11 மாத ஒப்பந்தத்தில் கோத்தகிரியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். மே மாதம் மட்டும் வந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவலாஞ்சி, கூடலூர் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்கு. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை துணி காயாது, பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கும், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் விழுந்தால் போக்குவரத்து நிற்கும். அந்த மாதங்களில் உங்கள் இருவருக்கும் மூட்டு வலியும் மூச்சும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். அந்த மூடுபனியில் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடிப்பது பிடித்திருந்தால் நீங்கள் மலைக்கு ஏற்றவர்கள்தான். கோடையில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதும் குடியிருந்தால்தான் தெரியும். மழைநீர்த் தொட்டி இல்லாத வீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருத்துவத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஓய்வு வயதில் அதுதான் முதல் கேள்வி. கோத்தகிரியில் அரசு மருத்துவமனை உண்டு, குன்னூரில் லாலி மருத்துவமனை, ஊட்டியில் 2025 ஏப்ரலில் திறந்த 700 படுக்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்குமேல் என்றால் கோவை. இதய நோய் உள்ளவர்கள் மெயின் ரோட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வாசல் வரை வரக்கூடிய வீட்டைத்தான் பார்க்க வேண்டும், வியூ இரண்டாம் பட்சம்.

பூட்டிக் கிடக்கும் வீடு மலையில் சீக்கிரம் கெடும். மெத்தையில் பூஞ்சை, அலமாரியில் பூஞ்சை, ஓட்டில் விரிசல், எலி. வாரம் இருமுறை ஜன்னலைத் திறந்து, அடுப்பு மூட்டி, கூரையைப் பார்க்க ஒருவர் வேண்டும். பக்கத்து ஊர்க்காரரை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத மாதங்களிலும் முழுச் சம்பளம் கொடுங்கள், உண்மையான வேலை அப்போதுதான் நடக்கிறது. மளிகையைச் சென்னையிலிருந்து டிக்கியில் நிரப்பி வராமல் கோத்தகிரிக் கடைகளில் வாங்குங்கள். ஹட்டியில் படகர்களின் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு அழைத்தால் போங்கள். இரவில் சமையல் எண்ணெய், குப்பை எதையும் வெளியே வைக்காதீர்கள், கோத்தகிரிக் கரடிகளுக்கு எண்ணெய் வாசனை நன்றாகத் தெரியும். காட்டுமாடு தோட்டத்துக்குள் நின்றால் அது போகும்வரை வாசலைத் திறக்க வேண்டாம், கைதட்டி விரட்டவும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்துவிட்டது. நீலகிரியின் டிஎன் 43 பதிவெண்ணுக்கு விலக்கு உண்டு, சென்னைப் பதிவெண் காரில் வந்தால் சொந்த வீட்டுக்கே பாஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

‘இல்லாத நாளில் டூரிஸ்ட்டுக்கு விட்டால் கடன் தானாக அடைந்துவிடும்’ என்ற கணக்கை நம்பாதீர்கள். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டை காட்டேஜாக நடத்தினால் சீல் வைக்கிறார்கள். வாடகை வராது என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள்.

பணத்தில் கடைசியாகச் சில. கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. வீட்டு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் வரியைப் பிடித்து நீங்களே கட்ட வேண்டும். பழைய பங்களாக்களின் வாரிசுகள் பலர் வெளிநாட்டில் இருப்பார்கள். விற்பவர் வெளிநாடு வாழ்பவர் என்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு, பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களிடம்தான் கேட்கும். அவர் சார்பில் பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போட்டால் அந்தப் பவர் பத்திரம் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள், எழுதிக் கொடுத்தவரோடு வீடியோ காலிலாவது நேரடியாகப் பேசிவிடுங்கள். வாங்கும் விலைக்கு மேல் பழுதுபார்ப்புக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, அந்தப் பணத்தில் முதலில் கூரையையும் வடிகாலையும் சரிசெய்யுங்கள். சமையலறை அடுத்த வருடம் ஆகட்டும்.