தர்மபுரியில் இருந்துகொண்டே ஏமன் காலரா பற்றிக் கணித ஆய்வு செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: "தர்மபுரியில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறேன். ஏமன் நாட்டுக் காலராவை ஆய்வுத் திட்டமாக எடுக்க ஆசை. மருத்துவம், கணிதம், கணினி, அரபு அரசியல் நான்கும் கலந்து வருகிறது. இது எந்தத் துறையிலும் சேராது, உள்ளூர்த் தலைப்பு எடு என்கிறார்கள். இங்கிருந்து செய்ய முடியுமா?"

தாராளமாக முடியும். உங்களுக்கு வேண்டிய தரவெல்லாம் பொதுவெளியில் கிடக்கிறது. எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். ஊர் ஒரு தடையே இல்லை. இந்த மாதிரி ஆய்வுகள் வேறு இடத்தில்தான் சறுக்குகின்றன. அரசியலை முன்னுரையில் இரண்டு பத்தி எழுதிவிட்டு, சமன்பாட்டுப் பக்கம் வந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஏமனில் போர் உங்கள் கணித மாதிரிக்குள், அதாவது நோய் பரவுவதைச் சொல்லும் சமன்பாடுகளுக்குள், இரண்டு வழியாக நுழைகிறது. ஒன்று நோய் பரவும் வேகம், இன்னொன்று நோயாளிகளை எண்ணும் விகிதம். இரண்டில் ஒன்றை விட்டாலும் விடை தப்பாகத்தான் வரும்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். 2014 செப்டம்பரில் ஹூதிகள் என்ற கிளர்ச்சிப் படையினர் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சவூதி தலைமையிலான கூட்டணி வான்தாக்குதலைத் தொடங்கியது. உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அரசு ஏடனுக்குப் போனது. 2016 செப்டம்பரில் மத்திய வங்கியும் சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றப்பட்டது. அதை ஒட்டித்தான் வடக்கில் அரசு ஊழியர்களின் சம்பளம் நின்றது. அதில் சுகாதாரப் பணியாளர்களும் உண்டு, குப்பை அள்ளுபவர்களும் உண்டு. 2016 அக்டோபரில் காலரா அறிவிக்கப்பட்டது. முதல் அலை சின்னதாக வந்து தணிந்தது. 2017 ஏப்ரலில் சனாவின் கழிவுநீர் அமைப்பு செயல்படாமல் நின்றது, அந்த மாதக் கடைசியில் இரண்டாம் அலை கிளம்பியது. டிசம்பருக்குள் சந்தேக நோயாளிகள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். இறந்தவர்கள் 2,200-க்கும் மேல்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். சம்பளம் இல்லாததால் குப்பை தேங்கியது, நீரேற்று நிலையம் ஓடவில்லை, நோய் கூடியது. அதே சம்பளம் இல்லாததால் சில சுகாதார நிலையங்களிலிருந்து அறிக்கை வருவதும் நின்றது, எண்ணிக்கை குறைந்தது. பிறகு வெளிநாட்டு உதவியோடு காலரா சிகிச்சை மையங்கள் வரிசையாகத் திறந்தார்கள், எண்ணிக்கை கூடியது. வரைபடத்தில் தெரியும் ஏற்றத்தில் எவ்வளவு நோய், எவ்வளவு கணக்கெடுப்பு என்று பிரித்துச் சொல்வதுதான் உங்கள் ஆய்வு. இதைக் கணிதத் துறை ஏற்காது என்று யாராவது சொன்னால், இது சுத்தமான பயன்பாட்டுக் கணிதம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். தெரிந்த அளவை வைத்துத் தெரியாத காரணத்தைக் கண்டுபிடிக்கும் தலைகீழ்க் கணக்கு இது.

மருத்துவத்தில் உங்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான், ஆனால் அது பிசகக்கூடாது. நோய்க்கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் அறிகுறி தெரியும். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது, அல்லது லேசான பேதியோடு போய்விடும். கடுமையாக வந்தவருக்குச் சிகிச்சை இல்லையென்றால் இரண்டில் ஒருவர் சாகும் அளவுக்கு ஆபத்து. உப்பு சர்க்கரைக் கரைசலும், தேவைப்பட்டால் நரம்பு வழியாக ஏற்றும் திரவமும் நேரத்துக்குக் கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூடச் சாகத் தேவையில்லை. காலரா அறிவிக்கப்பட்ட பகுதியில் தண்ணீராகப் பேதி போகும் ஆளைச் 'சந்தேக நோயாளி' என்று பதிவார்கள். மலத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து உறுதிசெய்வது அதில் ஒரு சின்னப் பகுதிக்குத்தான் நடக்கும். பத்து லட்சத்துக்கு 2,200 என்றால் இறப்பு 0.22 சதவீதம். போர் நடக்கும் நாட்டுக்கு இது மிகவும் குறைந்த எண். சிகிச்சை நன்றாக நடந்திருக்கலாம், காலரா அல்லாத பேதியும் கணக்கில் ஏறியிருக்கலாம், வீட்டிலேயே இறந்தவர்கள் கணக்கில் வராமல் போயிருக்கலாம். மூன்றையும் எழுதுங்கள். மருத்துவம் படிக்காதவன் இதைச் சொல்லலாமா என்று யாராவது கிளம்புவார்கள். சிகிச்சை எப்படித் தரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை, வகுத்தல் கணக்குத்தான் போடுகிறோம்.

அடுத்து கணித மாதிரி. மக்களைப் பாதிக்கப்படக்கூடியவர், தொற்றுள்ளவர், குணமானவர் என்று பிரிக்கும் மூன்று பெட்டி காலராவுக்குப் போதாது. தண்ணீருக்கு நான்காவதாக ஒரு பெட்டி வேண்டும். 2010-ல் டியன், எர்ன் இருவரும் எழுதிய வடிவம் தொடக்கத்துக்கு நன்றாக இருக்கும். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒரு பரவல் விகிதம், தண்ணீரிலிருந்து ஆளுக்கு இன்னொன்று. தொற்றுள்ளவர் தண்ணீரை மாசாக்குகிறார், தண்ணீரில் கிருமி ஒரு வேகத்தில் சாகிறது. தண்ணீர் அளவைத் தகுந்தபடி அலகு மாற்றி எழுதினால், இரண்டு பரவல் விகிதங்களையும் கூட்டிக் குணமாகும் விகிதத்தால் வகுத்தால் அடிப்படைப் பெருக்க எண், அதாவது ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைப்பார் என்ற எண், கிடைக்கும். தொற்றுக் காலம் நான்கைந்து நாள் என்று எடுத்தால் குணமாகும் விகிதம் ஒரு நாளைக்கு 0.2 முதல் 0.25. தண்ணீரில் கிருமி சில நாள் முதல் சில வாரம் வரை தாங்கும், அதனால் சாகும் விகிதத்தை 0.03 முதல் 0.3 வரை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

வழக்கமாக எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்ததுதான். வாராந்தர நோயாளி எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரண்டு பரவல் விகிதங்களையும் தனித்தனியாகப் பிரிக்கப் பார்ப்பார்கள். கிருமி தண்ணீரில் சீக்கிரம் செத்துவிடும் நிலையில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். கணினி ஏதோ இரண்டு எண்களைக் கொடுக்கும், ஆனால் தொடக்க மதிப்பை மாற்றினால் வேறு இரண்டு எண்களைக் கொடுக்கும். பதிவு விகிதமும் (உண்மையில் நோய் வந்தவர்களில் கணக்கில் ஏறும் பங்கு) தொடக்கத்தில் பாதிக்கப்படக்கூடியவர் எண்ணிக்கையும் இதே மாதிரி ஒன்றை ஒன்று மறைக்கும். அதனால் ஏமன் தரவைத் தொடும் முன்பே, விடை தெரிந்த போலித் தரவை நீங்களே உருவாக்கிப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் போட்ட எண்ணே திரும்பி வரவில்லை என்றால் நிஜத் தரவிலும் வராது. ஒவ்வொரு அளபுருவையும் (பரவல் விகிதம் போன்று மாதிரியில் வரும் எண்) பல மதிப்புகளில் பிடித்து நிறுத்தி மற்றவற்றைப் பொருத்தி, பொருத்தம் எவ்வளவு நன்றாக வருகிறது என்று காட்டும் வளைவு தட்டையாக இருக்கிறதா என்று வரையுங்கள். தட்டையாக இருந்தால் அந்த அளபுருவைத் தரவு சொல்லவில்லை என்று அர்த்தம், அதை மருத்துவ நூலிலிருந்து எடுத்து நிலையாக வையுங்கள்.

பொருத்தும்போது மொத்தக் கூட்டுத்தொகை வளைவைப் பொருத்தவே பொருத்தாதீர்கள். அது வழுவழுப்பாக இருப்பதால் பார்க்க அழகாகப் பொருந்தும். ஆனால் முந்தைய வாரத்துப் பிழை அடுத்த வாரத்திலும் சேர்ந்தே வரும், அதனால் விடை எந்த எல்லைக்குள் இருக்கும் என்று சொல்லும் நம்பிக்கை இடைவெளி பொய்யாக ஒடுங்கிவிடும். வாரந்தோறும் வந்த புது நோயாளிகளைப் பொருத்துங்கள். நிரலில் செய்ய வேண்டியது இதுதான்: தொற்றுள்ளவர் பெட்டியின் அளவை எடுக்காமல், புதுத் தொற்றுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் ஒரு கூடுதல் மாறியைச் சமன்பாட்டுத் தொகுப்பில் சேருங்கள். ஒவ்வொரு ஏழாம் நாளும் அதன் மதிப்பிலிருந்து முந்தைய வார மதிப்பைக் கழித்து, பதிவு விகிதத்தால் பெருக்குங்கள். அதுதான் தரவோடு ஒப்பிட வேண்டிய எண். பைத்தான் நிரல்மொழியில் ஸைபை (SciPy) நூலகமே போதும். வர்க்கப் பிழையைக் குறைப்பதைவிட எதிர்மறை ஈருறுப்பு நிகழ்தகவுப் பரவலை (negative binomial) வைப்பது நல்லது, ஏனென்றால் வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை பாய்சான் (Poisson) நிகழ்தகவுப் பரவலில் அடங்காத அளவுக்குக் குதிக்கும். கடைசி இரண்டு மூன்று வாரத் தரவை விட்டுவிடுங்கள். தாமதமாக வரும் அறிக்கைகளால் அவை எப்போதும் குறைவாகவே தெரியும்.

தரவைச் சுத்தம் செய்ய, நீங்கள் நினைப்பதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். மாகாணப் பெயர்களை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில் எழுதியிருப்பார்கள். ஹுதைதா ஒரு கோப்பில் 'அல்' சேர்ந்து வரும், இன்னொன்றில் சேராமல் வரும். சனா நகரமும் சனா மாகாணமும் வேறு வேறு. நகரத்துக்கு அமானத்துல் ஆசிமா என்று தனிப்பெயரே உண்டு. இரண்டையும் ஒன்றாக்கினால் தலைநகரின் கதையே குழம்பிவிடும். ஹள்ரமவ்த் ஒரே மாகாணம், ஆனால் உலக சுகாதார நிறுவன அறிக்கைகளில் முகல்லா, ஸய்ஊன் என்று இரண்டு வரியாக வரும். ஐ.நா. தரும் இடக் குறியீட்டு எண்ணை வைத்து எல்லாவற்றையும் இணையுங்கள், பெயரை நம்பாதீர்கள். அறிக்கைகள் பெரும்பாலும் கூட்டுத்தொகையாக வரும், கழித்துப் பார்த்தால் சில வாரங்களில் எதிர்மறை எண் வரும். அது பழைய கணக்கைத் திருத்தியதால் வருவது. பூஜ்யம் போட்டு மூடாமல் திருத்திய வாரத்தைக் குறித்துவையுங்கள். மக்கள்தொகையிலும் கவனம் வேண்டும். ஏமனின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2004-ல் நடந்தது. அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் மதிப்பீடு, அதன்மேல் இடம்பெயர்ந்தவர்கள் வேறு.

அரபு மூல அறிக்கைகளைப் படிக்க ஆள் வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரியில் மதரஸாவில் ஓதிய ஆலிம்களைப் போய்ப் பாருங்கள். அவர்கள் படித்தது மார்க்க அரபி என்றாலும் ஊர்ப்பெயர், மாதப்பெயர், அட்டவணைத் தலைப்பு இதெல்லாம் தாராளமாகச் சொல்லிவிடுவார்கள். மொழிபெயர்ப்புச் செயலி ஊர்ப்பெயரை அர்த்தமாக மாற்றிவிடுகிறது, அதற்கு இவர்கள் எவ்வளவோ மேல்.

அரசியலை எண்ணாக்கும்போது 'போர் உண்டு என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம்' என்று போடாதீர்கள். எந்த அரசியல் முடிவு எந்தக் குழாயை அடைத்தது என்று பாருங்கள். 2017 நவம்பரில் ரியாத் நோக்கி ஏவுகணை போனதும் கூட்டணி ஏமனின் துறைமுகங்களை மூடியது. டீசல் வரவில்லை. ஹுதைதா, தஇஸ், சஅதா நகரங்களில் நீரேற்று மோட்டார்கள் நின்றன. கரண்ட் போனால் மேல்நிலைத் தொட்டி ஏறாது என்பது நம் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயம், அங்கே அது வாரக்கணக்கில் நடந்தது. இதைத் தண்ணீர்ப் பரவல் விகிதத்தில் வையுங்கள். மோதல் நிகழ்வுகளுக்கு ஆக்லெட் (ACLED) தரவுத்தளம் இருக்கிறது, பதிவு செய்தால் இறக்கிக்கொள்ளலாம். மாகாணவாரியாக, வாரவாரியாக எண்ணி ஒன்று முதல் மூன்று வாரம் தள்ளிவைத்துப் பாருங்கள். பதிவு விகிதத்துக்கு, அந்த வாரம் அறிக்கை அனுப்பிய மையங்களின் எண்ணிக்கை கிடைக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். மழையை விட்டுவிடாதீர்கள். மேற்கு மலைப்பகுதியில் வசந்தத்தில் ஒரு மழை, ஜூலை, ஆகஸ்டில் ஒரு மழை. சிர்ப்ஸ் (CHIRPS) என்ற செயற்கைக்கோள் மழைத் தரவு இலவசம். மழையைச் சேர்க்காமல் போட்டால், மழை செய்ததையெல்லாம் குண்டு செய்ததாக உங்கள் மாதிரி சொல்லும். தடுப்பூசிப் பெட்டியை 2017-க்குச் சேர்க்காதீர்கள். அந்த ஆண்டு திட்டமிட்ட தடுப்பூசி நடக்கவில்லை, முதல் முகாம் 2018 மே மாதம் ஏடனில்தான் நடந்தது.

நீ ஹூதி பக்கமா சவூதி பக்கமா என்று கேட்டு யாராவது வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். துறைமுகத்தை மூடியது ஒரு தரப்பு. உதவிப் பொருளையும் பணியாளர்களையும் தடுத்ததாக ஐ.நா. குறை சொன்னது இன்னொரு தரப்பை. இரண்டும் உங்கள் தரவில் பதிந்திருக்கிறது, இரண்டையும் எழுதுங்கள்.

உள்ளூர்த் தலைப்பு எடு என்கிறார்களே, அதில் ஒரு பொறி இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஃப்ளோரோசிஸ், அதாவது குடிநீரில் ஃப்ளோரைடு கூடிப் பல்லும் எலும்பும் கெடுவது, பெரிய பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அதற்குத் தொற்றுநோய்ச் சமன்பாட்டை எழுதும் ஆய்வுகள் வருகின்றன. ஃப்ளோரைடு ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. அங்கே பார்க்க வேண்டியது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை வருடம் குடித்தார்கள் என்பது. இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்கது 1.0, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை. ஆழ்துளைக் கிணறுகளின் அளவை வைத்து இடையிலுள்ள ஊர்களுக்கு இடச் சார்புக் கணிப்பு செய்வது நல்ல ஆய்வு. பெட்டிச் சமன்பாட்டை அங்கே ஒட்டவைப்பது ஆய்வே இல்லை.

இதையும் சொல்லியே ஆகவேண்டும். இப்படிப் பல துறை கலந்த தலைப்பு எடுக்கும் பிள்ளைகளைக் குறிவைத்தே காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்கள் வலை விரிக்கின்றன. இரண்டே நாளில் 'ஏற்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வரும். கேட்பது மாங்காயும் தக்காளியும் விற்று அப்பா அனுப்பிய பணம். மதிப்பீட்டாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்கும் இடத்தில் உங்கள் உழைப்பைக் கொண்டுபோய்ப் போடாதீர்கள். கட்டுரை கணக்கு காட்டினால்தான் படிப்பு முடியும் என்று நெருக்கும் நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இதழில் வரும் முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் முன்பதிப்புத் தளத்தில் இலவசமாக ஏற்றலாம், நிரலையும் சேர்த்து வெளியிடலாம். இதுவே நாளைக்கு முனைவர் பட்ட இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு நல்ல சான்று.

நீங்கள் பயன்படுத்துவது தனிநபர் விவரம் இல்லாத, வெளியிடப்பட்ட மொத்த எண்ணிக்கை. பொதுவாக இதற்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் கேட்பதில்லை, ஆனாலும் விலக்குக் கடிதம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய ஒவ்வொரு கோப்பையும் இறக்கிய தேதியோடு தொடாமல் தனியாக வையுங்கள், திருத்தமெல்லாம் நிரலில் மட்டும் நடக்கட்டும். அதே அறிக்கையை ஆறு மாதம் கழித்து இறக்கினால் எண்கள் மாறியிருக்கும், பழைய கோப்பு இல்லையென்றால் நீங்கள் போட்ட கணக்கை நீங்களே திரும்பப் போட முடியாது.