கட்சிப் பற்று மனநலத்தைக் கெடுக்குமா? அப்பாவைக் கட்சியை விட்டு விலகச் சொல்லலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இளமை முதல் ஒரே கட்சி. தேர்தல் முடிந்ததிலிருந்து யாருடனும் பேசுவதில்லை, தூங்குவதில்லை. இது கட்சியால் வந்த வினையா, விலகச் சொல்லிவிடலாமா?

உங்கள் வீட்டில் நடப்பது எனக்குக் கண்முன் தெரிகிறது. டீக்கடைக்குப் போவதை நிறுத்தியிருப்பார். செய்தி வந்தால் எழுந்து போய்விடுவார், இல்லையென்றால் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு நகரவே மாட்டார். "இத்தனை வருடம் உழைத்தீர்களே, கட்சி உங்களுக்கு என்ன செய்தது?" என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக இன்றுவரை வருந்துகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எந்தக் கட்சி என்று எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். தயவுசெய்து யாரும் ஊகிக்க வேண்டாம். ஊகித்து "அந்தக் கட்சி என்றால் அப்படித்தான்" என்று சொல்பவர்களுக்கு ஒன்று: எதிர்க்கட்சியில் இருந்த என் தாய்மாமா வீட்டிலும் இதே கதையைப் பார்த்திருக்கிறேன்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி எங்கள் ஊர். அப்பா தையல்காரர். வீட்டுத் திண்ணையிலேயே கடை. முப்பத்தோரு ஆண்டு கட்சியில் இருந்தார், அதில் பதினாறு ஆண்டு வட்டச் செயலாளர். மாநாடு என்றால் கொடி தைப்பது அவர்தான். துணிக்குக் காசு வாங்குவார், கூலி வாங்கமாட்டார். காலை ஆறு மணிக்குத் திண்ணையில் ஆள் வந்துவிடும். குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க வேண்டும் அண்ணாச்சி, குடிநீர் வரவில்லை அண்ணாச்சி, மகனுக்குச் சாதிச் சான்றிதழ் இழுத்தடிக்கிறார்கள் அண்ணாச்சி. அப்பா ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டே கேட்பார். பத்து மணிக்கு அவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகம் போவார். அம்மா இருந்தவரை இதற்காகச் சண்டை போடாத நாள் இல்லை.

நகராட்சி உறுப்பினராக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. 2011-க்குப் பிறகு நகர்ப்புறத் தேர்தலே நடக்கவில்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்தும், அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. பத்து ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்தார். அறிவிப்பு வந்ததும் விருப்ப மனு கொடுத்தார். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் பாக்கியில்லாமல் கட்டி, ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பிப்ரவரி 4 மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். முந்தைய இரவு பட்டியல் வந்தது. எங்கள் வார்டுக்கு, கட்சியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒப்பந்ததாரர் பெயர் இருந்தது.

அப்பா சத்தம் போடவில்லை. சுயேச்சையாக நில்லுங்கள் என்று நான்கு பேர் வந்து சொன்னார்கள். "கொடியை எதிர்த்து நிற்கமாட்டேன்" என்றார். அதே ஒப்பந்ததாரருக்காக வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டார். 22-ஆம் தேதி முடிவு வந்தது, அவர் ஜெயித்தார், பட்டாசு வெடித்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். தையல் இயந்திரத்தில் ஊசிக்கு அடியில் ஒரு கொடி பாதி தைத்தபடி நின்றது. வெற்றி ஊர்வலத்துக்குத் தைத்தது. அதை எடுக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வார். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் அந்த ரசீது உறை மட்டும் இருக்கும். ஒரு நாள் "நான் இருந்து இனி என்ன ஆகப்போகிறது தாயி" என்றார். அன்றிரவிலிருந்து அவர் அறை வாசலை மறித்துப் பாய் போட்டுப் படுத்தேன்.

எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்றால், நம் ஊர் வரலாறு அப்படி. 1993-ல் வைகோவைத் திமுகவிலிருந்து நீக்கியபோது ஐந்து தொண்டர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அப்போது நான் பள்ளிச் சிறுமி, தெருவே வேறு எதையும் பேசவில்லை. எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பரிலும் இப்படி உயிர்கள் போயின. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இல் இறந்த பிறகு அதிர்ச்சியில் இறந்தவர்கள் என்று கட்சி பட்டியல் வெளியிட்டு, குடும்பத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் அறிவித்தது. கருணாநிதி மறைந்த 2018-லும் அப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அவர் கட்சி நிதி கொடுத்தது. குடும்பங்களுக்குப் பணம் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இறந்த தொண்டனுக்குப் பட்டியல் இருக்கிறது, படமிருக்கிறது, மாலை இருக்கிறது. உயிரோடு இருட்டில் உட்கார்ந்திருக்கும் தொண்டனை எட்டிப் பார்க்க ஒரு மாவட்டப் பொறுப்பாளருக்கும் நேரமில்லை. அப்பா படுத்த பதினெட்டு நாளில் கட்சியிலிருந்து ஒரே ஒருவர் வந்தார். பாக்கித் துணி வாங்க.

இந்தப் பேச்சை எடுத்தாலே சிலர் அமெரிக்க ஆய்வுகளைக் கொண்டுவருவார்கள். நானும் தேடிப் படித்தேன். வலதுசாரிகள் தங்களை மகிழ்ச்சியானவர்கள் என்று கூடுதலாகச் சொல்கிறார்கள். சமூக ஏற்றத்தாழ்வை நியாயம் என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலை அதற்கு ஒரு காரணம் என்று நேப்பியர், ஜோஸ்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். அங்கே அது சரியாக இருக்கலாம். எங்கள் தெருவில் வலது இடது பார்த்தா கட்சியில் சேர்ந்தார்கள்? யார் வீட்டுத் திண்ணையில் மன்றம் நடந்ததோ அந்தக் கட்சி. அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டவர்கள், என் திருமணத்துக்குப் பந்தல் போட்டவர்கள், அம்மாவைச் சுமந்துபோனவர்கள் எல்லோரும் கட்சிக்காரர்கள். அதைப் போய்க் கருத்து, கொள்கை என்று மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. அப்பாவுக்கு நடந்தது சாவு வீட்டுத் துக்கம். என்ன, யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை.

இரண்டு ஆய்வுகள் மட்டும் எனக்கு உதவின. கெவின் ஸ்மித் என்ற அரசியல் ஆய்வாளர் 2017-ல் அமெரிக்காவில் 800 பேரிடம் கேட்டார். ஏறத்தாழ 40 சதவீதம் பேர் அரசியல் தங்களுக்கு மன உளைச்சல் தருகிறது என்றார்கள், ஐந்தில் ஒருவர் தூக்கம் கெடுகிறது என்றார். இன்னொன்று, ஒபாமா ஜெயித்த 2008 தேர்தல் இரவில் நடத்தியது. தோற்ற பக்கத்துக்கு வாக்களித்த ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அன்றிரவே குறைந்துவிட்டது, ஜெயித்த பக்கத்தாருக்கு அப்படியே இருந்தது. வெறும் ஓட்டுப் போட்டவர்களின் உடம்பே இப்படித் துவண்டால், முப்பது ஆண்டு பூத்தில் உட்கார்ந்தவரின் உடம்பு என்ன பாடுபடும்? "எல்லாம் நடிப்பு, வீம்பு" என்று சொன்ன என் சித்தப்பாவுக்கு இதை அச்செடுத்துக் கொடுத்தேன்.

இனி என் தவறு. அப்பாவுக்கு ஓய்வு வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். கைப்பேசியை வாங்கி அலமாரியில் பூட்டினேன். காலையில் வந்தவர்களை, "இனி இங்கே வராதீர்கள், புது கவுன்சிலரிடம் போங்கள்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். கோபம்தான். அவர்களும் அந்த ஒப்பந்ததாரருக்கு ஓட்டுப் போட்டவர்கள்தானே என்ற கோபம். நான்கைந்து நாளில் திண்ணை காலியானது. அப்பா இன்னும் மோசமானார்.

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனபோது மருத்துவர் மனச்சோர்வு என்றார். சின்ன வயதுக்காரர். தூக்கம், பசி, சர்க்கரை எல்லாம் கேட்டுவிட்டு, "காலையில் இவரைப் பார்க்க யார் வருவார்கள்?" என்றார். "யாரையும் விடுவதில்லை டாக்டர்" என்று ஏதோ பெரிய காரியம் செய்தவள்போலச் சொன்னேன். "மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாகும். அதுவரை வருகிற ஆளை நிறுத்தாதீர்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எதிர்த் தெருப் பாட்டி ஒருத்தி, நான் முன்பு இரண்டு முறை திருப்பி அனுப்பியவள், மறுபடியும் வந்தாள். முதியோர் உதவித்தொகை ஆயிரம் ரூபாய் இரண்டு மாதமாக வரவில்லை. நேரே உள்ளே போய், படுத்திருந்த அப்பாவின் கட்டிலில் வங்கிப் புத்தகத்தை விரித்து வைத்தாள். "படித்துச் சொல்லு தம்பி, எனக்கு எழுத்துத் தெரியுமா?" அப்பா வெகுநேரம் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். பிறகு கண்ணாடியை எடுக்கச் சொல்லி என்னிடம் கை நீட்டினார். ஆதார் எண் சேர்ப்பதில் ஏதோ தவறு. "திங்கட்கிழமை போவோம்" என்றார். திங்கட்கிழமை போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை போனார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதவில்லை. ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டார். நடுவில் ஒருமுறை சொல்லாமல் நிறுத்தி, பழைய நிலைக்கே போய், மறுபடி தொடங்கினோம். மாத்திரை வேண்டாம், ஆள் வந்தால் போதும் என்று யாரும் என் பதிலைப் புரிந்துகொள்ள வேண்டாம். இரண்டும் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. எங்கள் தெருமுனையில் படிப்பகம் இருந்தது. ஓட்டுச் சாய்ப்பு, இரண்டு பெஞ்சு, ஐந்து நாளிதழ்கள், ஒரு கேரம் பலகை. கட்சி வைத்தது என்றாலும் எல்லாக் கட்சிக்காரரும் வந்து படிப்பார்கள், சத்தமாகச் சண்டை போடுவார்கள், ஒன்றாக டீ குடிப்பார்கள். சாலையை அகலப்படுத்தியபோது இடித்தார்கள். கட்சி மறுபடி கட்டவில்லை, கைப்பேசியில் குழு ஆரம்பித்துக் கொடுத்தது. அந்தக் குழுவில் அப்பா பேச என்ன இருக்கிறது? தலைவருக்கு வாழ்த்துப் படம் மட்டும் ஓடும். சரி, கிளை நூலகம் இருக்கிறதே என்று அனுப்பினால், நாளிதழ் மேசை இருந்த இடத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள், பாதி நாள் பூட்டு. நம் ஒவ்வொருவர் சொத்து வரியிலும் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று சேர்த்தே வாங்குகிறார்கள். அப்பா சட்டைப் பையில் வைத்திருந்த ரசீதிலும் அந்த வரி இருந்தது. வயதானவர்கள் காலையில் போய் உட்கார ஓர் இடம், அந்தக் காசுக்கு அதுகூடக் கிடையாதா? மனநலம் என்று மேடை போட்டுப் பேசும் எவரும் இதைப் பேசுவதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் அப்பா "இருந்து என்ன" என்ற மாதிரிப் பேசினால், கட்சி பற்றிய வாதம் எல்லாம் அப்புறம். இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. நான் நள்ளிரவில் 104-ஐத்தான் அழைத்தேன், அந்தப் பக்கம் பேசிய பெண் நாற்பது நிமிடம் என்னோடு இருந்தார். எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று பார்க்காதீர்கள். நான் பார்த்துப் பார்த்தே பதினெட்டு நாளைத் தொலைத்தேன்.

விலகச் சொல்லலாமா என்றால், சொல்லாதீர்கள். அவராக விலகினால் அது வேறு. தேர்தல் செய்தி பார்க்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அதில் தவறில்லை. அவருக்குப் பழக்கமான நான்கு பேரின் பெயரை எழுதிக்கொண்டு, நீங்களே நேரில் போய், "அப்பாவை வந்து பாருங்கள்" என்று கூப்பிடுங்கள். எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும் கூப்பிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் எண்ணிக்கை நாள். பள்ளி திறக்க ஆறு நாள்தான் இருந்தது, திண்ணையில் சீருடைத் துணி மலைபோலக் கிடந்தது. அப்பா ஒரு மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தார். பிறகு, "பாவாடைக்கு மடிப்பு எத்தனை என்று எழுதி வைத்தாயா?" என்று கேட்டுக்கொண்டே இயந்திரத்தில் போய் உட்கார்ந்தார். அந்தப் பாதிக் கொடியை எப்போது ஊசியிலிருந்து எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இப்போது அவருக்குப் பொறுப்பு எதுவும் கிடையாது. உறுப்பினர் மட்டும்தான். புதுப்பிக்கச் சொல்லிப் படிவம் வந்தபோது அவர் கையில் சில்லறை இல்லை. நான்தான் கட்டணம் கொடுத்தேன்.