ஃபிளாட் வட்டி, குறையும் நிலுவை வட்டி: என்ன வித்தியாசம்?

கடன் கேட்ட இரண்டு இடத்திலும் வட்டி 12 சதவீதம்தான் என்கிறார்கள், மாதத் தவணை மட்டும் ஏன் வேறாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வட்டியை எதன் மேல் போடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கடன் 12,000, ஒரு வருடத்தில் மாதாமாதம் அடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட் முறையில், அசலில் பாதியைக் கட்டிய பிறகும் முழு 12,000-க்கே வட்டி, மொத்தம் 1,440. குறையும் நிலுவை முறையில் மீதமுள்ள அசலுக்கு மட்டும்தான் வட்டி, சுமார் 794. அதாவது அந்த ஃபிளாட் 12 சதவீதம், குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால், உண்மையில் 21 சதவீதத்தைத் தாண்டுகிறது! இதைக் கையெழுத்துக்கு முன்பே விளக்காமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்றும் கேளுங்கள்.