எதுக்கு தனியா ஒரு ரேடியோ?

அன்புள்ள அக்கா,
பிரிஸ்பேன்ல மர்ரி மக்களோட (குயின்ஸ்லாந்து பக்கத்து அபாரிஜினல், அதாவது ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள்) 98.9 ரேடியோவ தினமும் கார்ல கேக்குறேன்னு எழுதிருந்தீங்க. நானும் சிட்னில இருந்து ஆப்ல போட்டுப் பாத்தேன், ஒரே கன்ட்ரி பாட்டு, நடுவுல பேசினா குறை. அரசாங்க ரேடியோ ஏபிசிலயே அவங்களுக்கு நிகழ்ச்சி இருக்கே, தனியா எதுக்கு ஒரு ரேடியோ?
– ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

கன்ட்ரி பாட்டுல நானும் உன்ன மாதிரிதான் ஏமாந்தேன், வெள்ளக்காரன் பாட்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன். குயின்ஸ்லாந்து மாட்டுப் பண்ணைகள்ல தலைமுறை தலைமுறையா குதிரை மேல உக்காந்து மாடு ஓட்டினவங்கள்ல நெறைய பேர் இந்த அபாரிஜினல் மக்கள்தான், அந்தக் கூலியக் கூட அரசாங்கம் கைல குடுக்காம வச்சுகிட்டு, அப்புறம் கேஸ் நடந்து 2019ல 190 மில்லியன் டாலருக்கு ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பாட்டு அவங்க வீட்டுப் பாட்டுப்பா.

ஏபிசி விஷயத்துக்கு வரேன். பெரிய ரேடியோல ஒரு அபாரிஜினல் ஆள கூப்பிட்டா, பாதி நேரம் ஒண்ணாங்கிளாஸ் பாடம் எடுக்குறதுலயே போயிடும். இந்த 98.9ல "நீ எந்தப் பக்கம், யாரு வீட்டுப் புள்ள"ன்னு நம்ம கல்யாண வீட்டுல விசாரிக்குற மாதிரி ஆரம்பிச்சு நேரா மேட்டருக்கு வந்துடுவாங்க, மந்திரி லைன்ல வந்தா விளக்கம் அவர்தான் சொல்லணும். பூர்வகுடி மக்களுக்காக பார்லிமென்டுக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழுவ அரசியல் சட்டத்துல சேக்கலாமான்னு 2023 அக்டோபர் 14 நடந்த ஓட்டெடுப்புல சுமார் 60 சதவீதம் 'நோ' விழுந்துச்சுல்ல, அதுல "வெறும் ஆலோசனைக் குழு எதுக்கு, மொதல்ல எங்ககூட ஒப்பந்தம் போடு"ன்னு நோ சொன்ன அபாரிஜினல் ஆளுங்களும் இருந்தாங்க, எஸ் சொன்ன சொந்தக்காரங்களோட அவங்க போட்ட சண்டை பங்காளி சண்டை, அத எதிர்வீட்டுக்காரன் மைக் புடிச்சு நடத்தினா எப்படி இருக்கும்?

நீ ரெட்ஃபெர்ன் ஸ்டேஷன்ல இறங்கிருப்பல்ல? அங்கதான் 1981 வாக்குல மொரீன் வாட்சனும் அவங்க பையன் டைகா பேல்ஸும் வேற ரேடியோ ஸ்டேஷன்ல இரவல் நேரம் வாங்கி ரேடியோ ரெட்ஃபெர்ன் ஆரம்பிச்சாங்க. 1988 ஜனவரி 26, வெள்ளக்காரன் வந்து குடியேறின இருநூறு வருஷ விழான்னு ஹார்பர் பூரா கப்பல், அத எதுத்து ரோட்டுல பல்லாயிரம் பேர் ஊர்வலம், வெளியூர்ல இருந்து வந்து இறங்கின கூட்டத்துக்கு தகவல் சொன்னது இந்த ரேடியோதான். டைகா அப்புறம் பிரிஸ்பேன் வந்து இதே 98.9ல 'லெட்ஸ் டாக்' நடத்தினார், 2016ல போயிட்டார்.

இங்க நானே ஒரு தப்பு பண்ணிட்டேன். இறந்தவங்க பேர உச்சரிக்கக் கூடாதுன்னு அவங்கள்ல நெறைய குடும்பங்கள்ல வழக்கம், அதனால இறந்தவங்க குரலோ பேரோ வருதுன்னா முன்னாடியே ரேடியோல எச்சரிக்கை சொல்லிடுவாங்க, நான் சொல்லாமலே எழுதிட்டேன்.

குறைன்னு சொன்னியே. போலீஸ் காவல்லயும் ஜெயில்லயும் செத்த 99 அபாரிஜினல் ஆளுங்களப் பத்தி விசாரிச்ச ராயல் கமிஷன் (அரசாங்கம் போட்ட விசாரணைக் குழு) 1991ல 339 பரிந்துரை குடுத்துச்சு, அதுக்கப்புறமும் 500 பேருக்கு மேல செத்துருக்காங்க. அப்ப குறை பேசாம வேற என்ன பேசுறது! ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல 'க்ரீன் புஷ்'னு ஒரு ரேடியோ நிகழ்ச்சி இருந்துச்சு, ஜெயில் உள்ள இருக்குற புள்ளைக்கு வீட்டாளுங்க போன் பண்ணி பாட்டு கேப்பாங்க, அவன் ஜெயில்ல உக்காந்து கேப்பான். கேட்டது பூரா கன்ட்ரி பாட்டு இல்லன்னாலும் அதுவும் இருந்துருக்கும்.

நீ பாட்டு ஓடுறப்ப ஆன் பண்ணிருக்க. பேச்சு வர்ற நேரம் பாத்து இன்னொரு தடவ கேளு, கேட்டுட்டு எழுது.