தொழில்முறை டென்னிஸில் இறங்கும் ஓர் இளைஞனின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

உங்கள் தம்பிக்கு 16 வயது, மாநில அளவில் ஆடுகிறான், பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் டென்னிஸ் ஆடப்போவதாக வீட்டில் தினமும் வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குத் திறமை போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் சென்னையில் ஒரு கிளப்பில் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டுகிறவன். பதினெட்டு வருடமாக இதே வேலை. கோச் இல்லை என்பதால் திறமையை எடைபோட எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் பத்து வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த பிள்ளைகள் இருபது வயதில் என்ன ஆனார்கள் என்பதை ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் தம்பிக்குத் திறமை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் பேசவேண்டியது அதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

இந்திய டென்னிஸ் வீரர் சுமித் நாகலை எடுத்துக்கொள்வோம். ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்துப் பையன், அப்பா பள்ளி ஆசிரியர். பத்து வயதில் மகேஷ் பூபதியின் பயிற்சித் திட்டத்துக்குத் தேர்வாகி வீட்டை விட்டுக் கிளம்பினார். பெங்களூர், கனடா, அப்புறம் ஜெர்மனி. 2015இல், பதினேழு வயதில், வியட்நாமின் லீ ஹோவாங் நாமுடன் சேர்ந்து விம்பிள்டன் சிறுவர் இரட்டையர் பட்டம். 2019 அமெரிக்க ஓப்பனில் தகுதிச்சுற்று வழியாக உள்ளே வந்து, முதல் சுற்றில் ரோஜர் ஃபெடரரிடமிருந்து முதல் செட்டை 6-4 என்று பறித்தார். ஆட்டம் கைநழுவிப் போனது, ஆனால் அந்த ஒரு செட்டுக்கு இந்தியாவே அதிகாலையில் எழுந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த வருடம் அதே போட்டியில் பிராட்லி கிளானை வென்று இரண்டாம் சுற்று. டோக்கியோ ஒலிம்பிக்கில் டெனிஸ் இஸ்டோமினை வென்றார். லியாண்டர் பயஸின் 1996 அட்லாண்டாவுக்குப் பிறகு ஒலிம்பிக் ஒற்றையரில் ஓர் இந்தியர் ஜெயித்தது அப்போதுதான்.

இதைப் படித்தால் ஏறுமுகமாகத்தான் தெரியும். ஆனால் 2021 நவம்பரில் இடுப்பில் அறுவை சிகிச்சை. ஆடாமல் இருந்தால் தரவரிசை யாருக்காகவும் காத்திருக்காது. 2023 தொடங்கும்போது அவர் ஐந்நூறுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். அந்த வருடம் முழுக்க ஏறி வந்தார். ரோமிலும் ஃபின்லாந்தின் டம்பெரேவிலும் சாலஞ்சர் (பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே இருப்பவை) பட்டம் வென்றார். அதற்குப் பிறகு செப்டம்பரில் ஒரு பேட்டியில் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். 900 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 80,000 ரூபாய். அப்போது இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரர் அவர்தான்.

ஊதாரித்தனம் எதுவும் கிடையாது. ஒரு கோச்சை மட்டும் கூட வைத்துக்கொண்டு வருடம் முழுக்கப் போட்டிகளுக்குப் போய்வர 80 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை ஆகிறது என்றும் அவரே சொன்னார். அந்தக் கணக்கில் பிசியோ கிடையாது. வந்ததெல்லாம் விமான டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் கோச்சின் சம்பளத்துக்குமே போய்விட்டது. கிரிக்கெட்டில் ரஞ்சி ஆடுகிற பையனுக்குப் பயணம், தங்கல், கோச் எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். டென்னிஸ்காரன் தனக்குத் தானே சங்கம்.

உங்கள் தம்பி இன்னும் அந்த இடத்துக்குப் பல படி கீழே இருக்கிறான். அந்தப் படிகளைச் சொல்கிறேன்.

ஆண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளில் ஆகக் கீழ்ப்படி எம்15. மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர். அதுவும் ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்கும் சேர்த்து. வாரம் முழுக்க ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினால் ஒற்றையரில் 2,160 டாலர், அதிலும் வரி பிடிப்பார்கள். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், தரவரிசைப் புள்ளி எதுவும் இல்லை. முதல் சுற்றை ஜெயித்தால் ஒரே ஒரு புள்ளி. தங்குமிடம், சாப்பாடு நம் செலவு. இதற்கு மேல் எம்25, அதற்கு மேல் சாலஞ்சர், அதற்கும் மேலேதான் தொலைக்காட்சியில் வருகிற ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டிகளும் நான்கு கிராண்ட்ஸ்லாம்களும்.

எங்கள் கிளப்பிலிருந்து ஒரு பையன் இதில் இறங்கினான். நல்ல ஆட்டக்காரன். அவனுடைய பேக்ஹேண்ட் சத்தத்தைக் கேட்டே ஸ்ட்ரிங் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். துனிசியாவில் மொனாஸ்டிர் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. எம்15 போட்டிகளை அங்கே வாரா வாரம் தொடர்ந்து நடத்துவார்கள். ஒரே ஊரில் தங்கி நாலைந்து வாரம் ஆடினால் விமானச் செலவு மிச்சம் என்பதால் உலகம் முழுக்க உள்ள பையன்கள் அங்கே போவார்கள். எகிப்தில் ஷார்ம் எல் ஷேக், துருக்கியில் அண்டால்யா இவையும் அப்படித்தான். அவன் போனதும் மொனாஸ்டிருக்குத்தான். அறை வாடகையைப் பங்குபோட்டுக்கொண்ட பையனோடேயே ஒரு முறை முதல் சுற்றில் மோத வேண்டியிருந்தது. இரவு ஒரே அறையில் படுத்து, காலையில் ஒன்றாக ரொட்டி சாப்பிட்டு, பிறகு எதிரெதிரே நின்று ஆடியிருக்கிறார்கள். தோற்றவன் அன்றைக்கே ஊர் திரும்ப முடியாது. அடுத்த வாரப் போட்டி அங்கேயேதானே. ஆறு நாள் பயிற்சி செய்துகொண்டு, பணத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவன் வாட்ஸ்அப்பில் என்னை அழைத்ததெல்லாம் அந்த ஆறு நாட்களில்தான். ஸ்ட்ரிங் டென்ஷனைப் பற்றிக் கேட்பதுபோல ஆரம்பிப்பான். பத்து நிமிடம் கழித்து எங்கள் கிளப் வாசல் டீக்கடை திறந்திருக்கிறதா என்று கேட்பான்.

ஸ்ட்ரிங் செலவையே பாருங்களேன், என் தொழில் என்பதால் இது எனக்குத் துல்லியமாகத் தெரியும். இந்த மட்டத்தில் எல்லாரும் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்தான். அது அறுவதற்கு முன்பே செத்துவிடும். சில மணி நேர ஆட்டத்தில் இழுவிசை இறங்கி, பந்து நினைத்த இடத்தைத் தாண்டிப் போக ஆரம்பிக்கும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் கட்டிய இரண்டு மூன்று ராக்கெட்டாவது பையில் இருக்க வேண்டும். ஒரு ராக்கெட்டுக்கு ஏறக்குறைய 12 மீட்டர், ஒரு ரீல் 200 மீட்டர். ஒரு ரீலில் பதினாறு ராக்கெட். பையன் அதைத் தாண்டக்கூடாது என்று கணக்குப் போட்டுச் செத்த ஸ்ட்ரிங்கோடு இறங்கி, முக்கியமான நேரத்தில் இரண்டு ஃபோர்ஹேண்டை வெளியே அடித்துவிட்டு வந்து சொல்லும்போது கேட்கிற எனக்கே நெஞ்சு வலிக்கும். அவனிடம் திறமைக்குக் குறையே கிடையாது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு வந்தான். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான். ஆனால் மூன்றாவது வருடம் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மேலே போனவர்களுக்கும் ஒரு கோடு காத்திருக்கிறது. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 இடம். அதில் 104 பேர் தரவரிசைப்படி நேராக உள்ளே. 16 பேர் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து வரவேண்டும். மிச்சம் 8 வைல்டு கார்டு, அதாவது போட்டி நடத்துகிறவர்கள் தருகிற நேரடி அழைப்பு. நம் சென்னை ராம்குமார் ராமநாதன் 2017இல் அண்டால்யாவில், அப்போது உலகின் எட்டாம் நிலையில் இருந்த டொமினிக் தீமை நேர் செட்களில் வென்றவர். 2018இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் நடந்த ஏடிபி போட்டியில் இறுதியாட்டம் வரை போனவர். அவர் எட்டிய உச்சம் 111. கோட்டுக்கு ஏழே இடம் வெளியே. இருபது தடவைக்கு மேல் தகுதிச்சுற்று ஆடியும் ஒற்றையர் பிரதானச் சுற்றில் நுழையவே முடியவில்லை. அதே சென்னையின் இடதுகை ஆட்டக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், முழங்கால் காயத்தில் பல வருடங்களை இழந்த பிறகு, 2019இல் 75ஆம் இடத்தைத் தொட்டார். அந்த ஒரே வருடத்தில் நான்கு கிராண்ட்ஸ்லாமும் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றிலேயே தோல்விதான். ஆனால் முதல் சுற்றில் தோற்றாலே கிடைக்கிற பணத்தில் அடுத்த வருடத்தை ஓட்டலாம். இந்த இருவரின் ஆட்டத்துக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருந்ததாக என் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை.

நாகலுக்கு அந்தக் கோடு எப்படித் திறந்தது தெரியுமா? 2024 ஜனவரி, ஆஸ்திரேலிய ஓப்பன். தரவரிசை 137. தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டமும் ஜெயித்து, முதல் சுற்றில் 31ஆம் சீடாக (அந்தப் போட்டியில் முன்னிலை தரப்பட்ட 32 பேரில் ஒருவராக) இருந்த அலெக்சாண்டர் பப்ளிக்கை நேர் செட்களில் வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாமில் சீட் தரப்பட்ட வீரரை ஓர் இந்தியர் ஒற்றையரில் வென்றது 1989க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அப்போது ரமேஷ் கிருஷ்ணன் மெல்போர்னில் மாட்ஸ் விலாண்டரை வென்றிருந்தார். இரண்டாம் சுற்றில் தோற்றாலும் நாகலுக்குக் கிடைத்தது 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். நம் பணத்தில் ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மாதத்துக்கு முன் 900 யூரோ வைத்திருந்தவர்.

அடுத்த மாதமே நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் சாலஞ்சர். பிப்ரவரி 11, ஞாயிறு, இறுதிப்போட்டி. நான் கேலரியில் இருந்தேன். இத்தாலியின் லூகா நார்டியை 6-1, 6-4 என்று முடித்தார். வாரம் முழுக்க ஒரு செட்டைக்கூட விடவில்லை. மறுநாள் தரவரிசை 98. வாழ்க்கையில் முதல் முறையாக நூறுக்குள். அவருக்கு வயது 26. வீட்டை விட்டுக் கிளம்பிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், விஜய் அமிர்தராஜ் காலத்திலிருந்தே டென்னிஸ் பார்க்கிறவராம், எழுந்து நின்று கைதட்டியவர் உட்காரவே இல்லை. எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

சரி, அங்கேயாவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. அந்த வருடம் ஜூலையில் 68 வரை ஏறினார். ஆனால் டென்னிஸில் புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரம்தான். சென்னையில் வாங்கிய 100 புள்ளி சரியாக ஒரு வருடத்தில் கழிந்துவிடும். தரவரிசையைக் காப்பாற்ற, அதற்குள் வேறு எங்காவது அந்த அளவுக்கு ஜெயித்திருக்க வேண்டும். 2025 தொடக்கத்திலேயே நூறுக்கு வெளியே வந்தார், வருட நடுவில் இருநூறையும் தாண்டிக் கீழே. மறுபடியும் சாலஞ்சர், மறுபடியும் தகுதிச்சுற்று.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2024இலிருந்து ஏடிபி ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. தொடங்கிய வருடத்தில், சில நிபந்தனைகளோடு, முதல் நூறு பேருக்கு வருடத்துக்கு 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை ஒன்றரை லட்சம், 176 முதல் 250 வரை 75,000 டாலர் என்று உறுதி தந்தார்கள். பரிசுப் பணம் அதற்குக் குறைந்தால் மீதியை அவர்கள் ஈடுகட்டுவார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் 251ஆம் இடத்திலிருந்து கீழே இருக்கிற ஆயிரக்கணக்கான பையன்களுக்கு இன்றைக்கும் அப்பாவின் பிஎஃப் பணம்தான்.

அதனால் உங்கள் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வருடம் அவனைக் களத்தில் வைத்திருக்க முடியும் என்பது. குறைந்தது ஐந்து வருடம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அவன் முன்னாலேயே போடுங்கள். பதினாறு வயதுப் பையனுக்கு அந்தக் கணக்கு புரியும்.

படிப்பை நிறுத்துவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னையில் பயிற்சி எடுத்து வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய், 2007, 2008 இரண்டு வருடமும் அங்கே கல்லூரிகளுக்கான ஒற்றையர் பட்டம் வென்றார். அப்புறம்தான் தொழில்முறைக்கு வந்தார். 2009இல் சென்னை ஓப்பன் இறுதிப்போட்டி, 2011இல் தரவரிசை 62. நாலு வருடம் கோச், கோர்ட், பிசியோ, சாப்பாடு எல்லாம் பல்கலைக்கழகச் செலவு. ஸ்ட்ரிங் உட்பட! இன்னும் கிட்டத்து உதாரணம் மதுரைக்காரரான தக்ஷிணேஸ்வர் சுரேஷ். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த டேவிஸ் கோப்பை (நாடுகளுக்கு இடையிலான அணிப் போட்டி) ஆட்டத்தில், அறுநூறுக்கும் கீழே தரவரிசை இருந்தும், தன்னைவிட நானூறு இடத்துக்கு மேல் முன்னால் இருந்த ஜெரோம் கிம்மை முதல் ஆட்டத்திலேயே வீழ்த்தினார். இந்தியா அந்த மோதலை 3-1 என்று வென்றது. ஐரோப்பிய மண்ணில் ஓர் ஐரோப்பிய அணியை இந்தியா ஜெயித்தது 1993க்கு அப்புறம் அதுதான். அன்றைக்கு எங்கள் கிளப்பில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் ஜூனியர் தரவரிசையும் சேர்ந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். படிப்பு அவனுடைய டென்னிஸுக்கே நாலு வருடச் செலவைக் கட்டக்கூடியது என்று சொன்னால் ஒருவேளை கேட்பான்.

அடுத்த முறை நுங்கம்பாக்கத்தில் சாலஞ்சர் நடக்கும்போது இறுதிப்போட்டிக்கு அவனைக் கூட்டி வராதீர்கள். தகுதிச்சுற்று நடக்கிற முதல் நாள் காலையில் வாருங்கள். கேலரி காலியாக இருக்கும். மூன்றாவது செட்டில் தோற்ற ஒருவன் கைகுலுக்கிவிட்டு, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து, செல்போனில் அடுத்த வாரத்துக்கு டிக்கெட் தேடுவான். அவன் பக்கத்தில் போய் ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். அந்தப் பையன்கள் நன்றாகப் பேசுவார்கள்.