இயேசுவை முழுமனதோடு பின்பற்றினால் எதையெல்லாம் இழக்க நேரும்? அந்த இழப்புக்கு அது தகுமா?

கேட்டிருக்கும் தம்பிக்கு அரூர் பக்கம் ஊர், ஓசூரில் கம்பெனி வேலை. அறையில் கூட இருப்பவர் கூப்பிட்டார் என்று ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து, இப்போது மனசு அங்கேயே நின்றுவிட்டதாம். ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள், வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை, முழுசாக இறங்கினால் என்ன போகும், போவதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்.

போகும் தம்பி. நிறையவே போகும். "ஒண்ணும் போகாது பிரதர், இனி எல்லாம் ஆசீர்வாதம்தான்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். இயேசு அப்படி ஆள் பிடிக்கவில்லை. லூக்கா 14இல் பெரிய கூட்டம் அவர் பின்னால் வருகிறது. இன்றைக்கு அப்படி ஒரு கூட்டம் சேர்ந்தால் நம் ஆட்கள் முதலில் ட்ரோன் விட்டுப் படம் எடுப்பார்கள், அவரோ திரும்பிப் பார்த்து, கோபுரம் கட்டப் போகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா, அஸ்திவாரத்தோடு நின்றுபோனால் ஊர் சிரிக்காதா என்று கேட்கிறார். ஆகவே நீங்கள் கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அந்த அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் வீட்டில் விசுவாசத்துக்கு வந்த முதல் ஆள் நான்தான். எலத்தகிரி, கோவிலூர் மாதிரி பரம்பரைக் கத்தோலிக்க ஊர்களில் பிறந்தவருக்கு ஞானஸ்நானம் என்பது பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி இயல்பாக நடந்துவிடும், அவர்களுடைய சோதனையெல்லாம் சாதி, வரதட்சணை, குடி என்று வேறு இடத்தில் வரும். நான் சொல்வது நடுவில் வந்து சேர்ந்தவனின் அனுபவம்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒரு அண்ணன், சந்தூர் பக்கம் சின்னதாக மண்டி வைத்திருந்தார். இந்த வியாபாரத்தில் கொஞ்சம் பொய் சொல்வதைப் பாவம் என்று யாரும் நினைப்பதில்லை, அது சீசனோடு சேர்ந்து வருவது. விவசாயி பெங்களூரா ரக மாங்காய் லோடு கொண்டு வருவார், டன்னுக்கு இவ்வளவு கிலோ என்று கழிவு பிடிப்பார்கள், மாங்கூழ் ஃபேக்டரி கொடுக்கிற விலை ஒன்று, விவசாயிக்குச் சொல்கிற விலை ஒன்று, அதற்கு ஒரு சீட்டு, இதற்கு ஒரு சீட்டு. அப்புறம் கல். சீசன் ஆரம்பத்தில் செந்தூராவுக்கு நல்ல விலை இருக்கும்போது கார்பைடு கல்லைப் பொட்டலம் கட்டி வைக்கோலுக்குள் வைத்துவிட்டால் ரெண்டு நாளில் மஞ்சள் ஏறிவிடும். உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருப்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த அண்ணன் விசுவாசத்துக்கு வந்தபின் இரண்டையும் விட்டார். ஃபேக்டரி விலையை அப்படியே சீட்டில் எழுதி, தன் கமிஷனைத் தனியாகக் கீழே எழுதினார். கல் வைப்பதில்லை. கல் இல்லாமல் பழுக்க வைக்கிற எத்திலீன் வாயு அறை போடக் கையில் காசில்லை, அதனால் பழ வியாபாரத்தையே விட்டுவிட்டுக் காயாக மட்டும் கொடுத்தார். நேர்மையைப் பார்த்து விவசாயிகள் வரிசையில் வந்து நின்றார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. பாதிப் பேர் வேறு மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தார்கள், காயை அங்கேதான் போட்டாக வேண்டும். அடுத்தடுத்த சீசன்களில் வியாபாரம் சுருங்கி, ஷெட்டில் பாதியை வாடகைக்கு விட்டார். அண்ணியின் நகை அடகுக்குப் போய்த் திரும்ப ரொம்ப நாளானது. சபையில் அவர் சாட்சி சொன்னபோது எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள், அண்ணி மட்டும் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

இவ்வளவுக்கும் என்ன மிச்சம் என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன். "நாளைக்குப் பையன் கையில மண்டியக் குடுக்கும்போது, எந்தச் சீட்ட யாருக்குக் காட்டக் கூடாதுன்னு அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல" என்றார். கணக்கு எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அடுத்தது வீடு. ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பதா வேண்டாமா, பொங்கல் அன்று மாட்டுக்குப் படைத்ததைச் சாப்பிடுவதா என்றெல்லாம் ஆரம்பிக்கும், இதெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தீராத இடம் சாவு வீடு. எங்கள் அப்பா இறந்தபோது நான் மூத்தவன். பாடையைத் தூக்கினேன், செலவைப் பார்த்தேன், வந்தவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னேன், ஆனால் கொள்ளிக்குடம் தூக்கவில்லை, மொட்டை போடவில்லை, தம்பிதான் செய்தான். "பெத்த அப்பனுக்குத் தண்ணி ஊத்தாதவன் எந்தச் சாமியக் கும்பிட்டு என்ன" என்று பெரியப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். இதே இடத்தில் சடங்கைச் செய்துவிட்டு வந்த விசுவாசிகளும் இருக்கிறார்கள், அவர்களையும் நான் குறை சொல்வதில்லை. என் மனசாட்சிக்கு அது முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள், முடிவெடுத்தது நான், விலை கொடுத்தது அம்மா. காரியத்துக்கு வந்தவர்களிலிருந்து தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்ற பெண்கள் வரை, "உம் மூத்தவன் ஏன் அப்படிப் பண்ணான்" என்று கேட்டது அம்மாவைத்தான். சீஷத்துவத்தை, அதாவது இயேசுவின் சீஷனாக வாழ்வதைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இதை அநேகமாகத் தொடுவதே இல்லை. உங்கள் சிலுவையை நீங்கள் எடுக்கிறீர்கள், சரி, அதன் ஒரு முனை பக்கத்தில் நிற்கிறவர் தோளிலும் இடிக்கும். கணக்குப் பார்க்கும்போது அதையும் சேர்த்தே பாருங்கள்.

அதே லூக்கா 14இல் தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் எனக்குச் சீஷனாயிருக்க முடியாது என்று ஒரு வசனம் வரும், அதை வைத்து வீட்டுக்கே போகாதே என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மாற்கு 7ஐக் கேளுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கையாகக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லித் தப்பித்தவர்களை இயேசு அங்கே கிழிகிழியென்று கிழிக்கிறார். சிலுவையில் தொங்கும்போதும் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் உயிரை விட்டார். தனக்கு முதலிடம் வேண்டும் என்கிறார், அது உண்மை. பெற்றவர்களை நடுத்தெருவில் விடச் சொல்லவில்லை. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கொர்பான்தான் ஞாபகம் வரும்.

மேடையில் யாரும் சொல்லாத இன்னொன்று, சாதிச் சான்றிதழ். உங்கள் சாதி எது என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. பட்டியல் சாதி என்றால் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி மதத்தோடு கட்டப்பட்டது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். கல்லூரி சீட்டு, அரசு வேலை, தனித் தொகுதியில் போட்டி எல்லாம் அதோடு மாறும். இதை மாற்றச் சொல்லி 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமோ, ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருப்பவர் வேலைக்காக இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. பழங்குடியினருக்கு இந்த நிபந்தனை கிடையாது, சித்தேரி மலைக்காரர் என்றால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அதனால்தான் நம் பக்கம் பல வீடுகளில் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர். அவர்களைப் பார்த்து விசுவாசம் போதவில்லை என்று வசதியானவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். மதம் மாறினால் தீண்டாமை போய்விடுவதில்லை, சலுகை மட்டும் போகிறது, இது சட்டம் செய்கிற அநியாயம். ஆனாலும் தினமும் இரண்டு பெயரில் வாழ்வது பிள்ளைகளின் மனதில் என்ன செய்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன், அதற்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது.

இந்த இடத்தில் திருப்பத்தூர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது, நம்மூரிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1921இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பேட்டன் ஸ்காட்லாந்தில் பெரிய பணக்காரக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தே இருந்துவிட்டார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் கூப்பிடுவார்களாம். 1932இல் அந்நியத் துணி மறியல் நடந்த நேரத்தில் சென்னையில் போலீஸ் வெள்ளைக்காரப் பேட்டனையே அடித்தது. அவர்கள் விட்டது ரொம்பப் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் விடுவதற்கு நிறைய இருந்தது, விட்டதும் உலகம் மரியாதை கொடுத்தது. ஒரே ஒரு சான்றிதழும் நாலு சொந்தக்காரர்களும் மட்டுமே சொத்தாக உள்ள ஒரு பெண் அதை விடும்போது யாரும் வரலாறு எழுதுவதில்லை. காணிக்கைப் பெட்டியில் ரெண்டு காசு போட்ட விதவையை இயேசு தனியாகக் கவனித்தார் என்பதுதான் எனக்கு ஆறுதல்.

சரி, தகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மாற்கு 10இல் பேதுரு இதையேதான் கேட்கிறார், நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டோமே என்று. நூறத்தனையாகக் கிடைக்கும் என்கிறார் இயேசு, வீடு, சகோதரர், சகோதரிகள், தாய்மார், பிள்ளைகள், நிலம் என்று வரிசையாகச் சொல்லி, நடுவில் 'துன்பங்களோடேகூட' என்று சேர்க்கிறார். ஆசீர்வாதக் கூட்டத்து நோட்டீஸில் இந்த ஒரு வார்த்தை எப்போதும் அச்சாவதில்லை. இன்னொன்றும் பாருங்கள், விட்டவற்றின் பட்டியலில் தகப்பன் இருக்கிறார், திரும்பக் கிடைப்பவற்றில் தகப்பன் இல்லை. அப்பா போன வருஷம் இதை முதன்முதலாகக் கவனித்தேன். சில இழப்புக்கு இங்கே ஈடு கிடையாது என்று அவரே மறைக்காமல் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது.

ஆனால் மற்றவை கிடைத்தன. என் மனைவி தருமபுரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எனக்குச் சாதியிலும் ஊரிலும் சம்பந்தமே இல்லாத காவேரிப்பட்டணத்து அம்மா ஒருவர் தூக்குவாளியில் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து, ராத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். என் தெருவில் அந்த அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத வீடுகள் இருக்கின்றன. என் பிள்ளைகள் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதே ஆஸ்பத்திரிக்குப் பெரியப்பாவும் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், பேசவில்லை, ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

மத்தேயு 13இல் நிலத்தில் புதையலைக் கண்டவன் சந்தோஷத்தில் போய் எல்லாவற்றையும் விற்றான் என்று இருக்கிறது. சந்தோஷம் முதலில், விற்பது அப்புறம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. என்னை ஒருவர் முழுசாகத் தெரிந்தும் தள்ளிவிடவில்லை என்பது முதலில் பிடிபட்டது, மற்றதெல்லாம் பின்னால் வந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் வராமல், கூட்டத்தின் பாட்டுக்காகவோ அறைத் தோழன் மனம் நோகக் கூடாது என்றோ நீங்கள் இறங்குவதாக இருந்தால், நான் மேலே எழுதிய ஒவ்வொன்றும் உங்களுக்கு வீண் செலவாகத்தான் தெரியும். வந்திருந்தால் இந்தக் கேள்வியையே வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போதைக்கு வேலையை விட வேண்டாம், ஊருக்குப் போவதை நிறுத்த வேண்டாம். அம்மாவிடம் நீங்களே நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள், வாட்ஸப் ஸ்டேட்டஸில் தண்ணீரில் முங்குகிற போட்டோவைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அப்புறம் உங்கள் பாஸ்டரிடம், வீட்டில் பேச எனக்கு ஆறு மாதம் வேண்டும் ஐயா, அதுவரை ஞானஸ்நானம் வேண்டாம், ஆனால் கூட்டத்துக்கு வருவேன் என்று சொல்லிப் பாருங்கள். நல்லவர் என்றால் உங்கள் அம்மாவுக்காக அன்றைக்கே ஜெபிப்பார், முடிந்தால் உங்களோடு அரூருக்கு பஸ்ஸும் ஏறுவார். அவசரப்படுத்தினால் வேறு சபை பாருங்கள், ஓசூரில் சபைகளுக்குப் பஞ்சமில்லை.