என் 1993 செவ்ரோலே பிக்அப்பில் செக் எஞ்சின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. வாங்கிய ஸ்கேனரும் வண்டியில் பொருந்தவில்லை. பழுதைச் சொல்லும் கோட் நம்பரை எப்படிப் படிப்பது?

ஸ்கேனர் மேல் குற்றமில்லை. அமெரிக்காவில் ஓபிடி-2, அதாவது அந்த ஸ்கேனர் பொருந்தும் பொதுவான முறை, கட்டாயமானது 1996 மாடலிலிருந்துதான். உங்கள் வண்டிக்கு ஒரு பேப்பர் கிளிப் போதும். டெக்சாஸில் நான் ஓட்டுவதும் அதே வருட வண்டிதான், 5.7 லிட்டர் வி8.

டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டீயரிங் பக்கமாகக் குனிந்து பாருங்கள். இரண்டு வரிசையாக 12 ஓட்டை உள்ள சாக்கெட் இருக்கும். சில ஓட்டைகள் காலியாக இருக்கலாம், பரவாயில்லை. மேல் வரிசையில் வலது ஓரம் ஏ, அதை ஒட்டி பி. சாவி ஆஃபில் இருக்கும்போதே கிளிப்பை வளைத்து இந்த இரண்டையும் இணையுங்கள். வேறு ஓட்டையில் செருகிவிடாதீர்கள். பிறகு சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். ஸ்டார்ட் செய்யக் கூடாது.

விளக்கு ஒருமுறை மின்னி, சின்ன இடைவெளி விட்டு, இருமுறை மின்னும். அது 12. எஞ்சின் ஓடவில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். 3 முறை 12 வந்தபின், பதிவான ஒவ்வொரு கோட் நம்பரும் மும்மூன்று முறை வரும். கடைசியில் மறுபடி 12. தாளில் எழுதிக்கொண்டே பாருங்கள். நான் இடைவெளியைக் கோட்டைவிட்டு 15ஐ 51 என்று படித்து, கம்ப்யூட்டர் சிப்பே போச்சு என்று ஒரு ராத்திரி தூங்கவில்லை.

எனக்கு வந்த 15, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் சென்சாரும் அதன் ஒயரும். உடனே புது சென்சார் வாங்கி மாட்டினேன். மறுபடியும் 15! போன வாரம் தெர்மோஸ்டாட் மாற்றும்போது பக்கத்திலிருந்த கனெக்டரை நானே வெடுக்கென்று இழுத்து, உறைக்குள்ளேயே ஒயரை அறுத்திருக்கிறேன். ஒயர் அறுந்தால் கம்ப்யூட்டர் கணக்கில் எஞ்சின் மைனஸ் 40 டிகிரி. டெக்சாஸ் ஜூன் வெயிலில்! குளிர்கிறதே என்று அது பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்தது. புகைக்குழாய்ப் பக்கம் நிற்க முடியாத வாடை.

காசைக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும்: சென்சாரிலிருந்து கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு ஒயரையும் அதே கிளிப்பால் இணைத்து எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டால், புதிதாக 14 (அதே சர்க்யூட், ஆனால் அளவுக்கு மீறிய சூடு) பதிய வேண்டும். பதிந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது, சென்சாரை மாற்றலாம். பதியாவிட்டால் ஒயரைத் தேடுங்கள். 44 (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) வந்தாலும் இதே கதைதான். எல்லோரும் ஆக்சிஜன் சென்சார் வாங்க ஓடுவார்கள். முதலில் வெடித்துப்போய்க் காற்றை உள்ளே விடும் வேக்யூம் ஹோஸ் (எஞ்சினோடு இணைந்த ரப்பர் குழாய்) இருக்கிறதா என்று பாருங்கள்.

கோட் நம்பரை அழிக்க, சாவியை அணைத்து பேட்டரி நெகட்டிவை அரை நிமிடம் கழற்றி வைத்தால் போதும். ரேடியோவில் வைத்திருந்த ஸ்டேஷன்களும் கூடவே போய்விடும்.